காஞ்சி டீம் எங்கே போச்சு? ஊர் மாறினால் கோப்பையும் வரலாறும் யாருக்கு?

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஏறும் கூட்டத்தில் நெல்லைக்காரர், சேலத்துக்காரர், திருச்சிக்காரர் எல்லாரும் இருப்பார்கள். டிஎன்பிஎல் வந்தால் அவர்களுக்கு ஆளுக்கொரு டீம் உண்டு. உள்ளூர்க்காரருக்கு, அதாவது காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரருக்கு, அப்படி ஒன்று கிடையாது. ஆனால் முன்பு இருந்தது. அதுவும் இரண்டு.

2016-ல் டிஎன்பிஎல் தொடங்கியபோது எட்டு அணிகளில் ஒன்று ரூபி காஞ்சி வாரியர்ஸ். 2018-ல் அது ரூபி திருச்சி வாரியர்ஸ் ஆகிவிட்டது. அதே ஆண்டு வி.பி. திருவள்ளூர் வீரன்ஸ், வி.பி. காஞ்சி வீரன்ஸ் என்று பெயர் மாறியது. முன்னாள் இந்திய வீரர் வி.பி. சந்திரசேகரின் அணி அது. 2019 ஆகஸ்டில் அவர் காலமானார். கொரோனாவால் 2020 சீசன் நடக்கவில்லை. 2021-ல் காஞ்சியின் இடத்தில் ஆடியது நெல்லை ராயல் கிங்ஸ்.

பெயர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். 'ரூபி' அப்படியே நிற்க, 'காஞ்சி' போய் 'திருச்சி' வருகிறது. ஐட்ரீம் காரைக்குடி காளை, ஐட்ரீம் திருப்பூர் தமிழன்ஸ் ஆனதும் இதே கதைதான். முன்னால் இருக்கும் பெயர் ஓனருடையது. ஊர் பெயர் வெறும் ஸ்டிக்கர்.

ஏன் இப்படி? ஃபிரான்சைஸ் என்பது லீக்கில் ஓர் அணியை நடத்த உரிமையாளருக்குக் கிடைக்கும் ஒப்பந்தம். பழைய ரெக்கார்டும் பெரும்பாலும் அந்த ஒப்பந்தத்தின் பின்னாலேயே போகும். ஐபிஎல்லைப் பார்த்தால் இது பளிச்செனப் புரியும். சிஎஸ்கே 2016, 2017 இரண்டு சீசனும் தடையில் உட்கார்ந்தது. அதற்கு முன்பே உரிமை இந்தியா சிமெண்ட்ஸிடமிருந்து தனி கம்பெனிக்கு மாறியிருந்தது. ஆனாலும் 2010, 2011 கோப்பைகளையும் சேர்த்துத்தான் 'ஐந்து கப்' என்கிறோம். அங்கே உரிமை அறுபடவில்லை.

ஹைதராபாத்தில் அறுபட்டது. 2009-ல் கோப்பை வென்ற டெக்கான் சார்ஜர்ஸின் உரிமையை 2012-ல் பிசிசிஐ ரத்து செய்தது. அதே ஊருக்கான புது உரிமையைச் சன் டிவி நெட்வொர்க் வாங்கியது. ஊர் அதேதான், ஸ்டேடியம்கூட அதேதான். ஆனால் சன்ரைசர்ஸ் கணக்கில் இருப்பது 2016-ல் வென்ற ஒரே கோப்பை.

ஆக எல்லாமே பேப்பர்தானா? கொல்கத்தா ரசிகர்கள் இல்லை என்று காட்டினார்கள். மோகன் பகான் 1889-ல் தொடங்கிய கிளப். 1911-ல் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை வீழ்த்தி ஐஎஃப்ஏ ஷீல்டு வென்றது. ஐ-லீக்கிலிருந்து ஐஎஸ்எல்லுக்குப் போக, 2020-ல் ஏடிகேவுடன் இணைந்தது. 80 சதவீதப் பங்கு ஆர்பிஎஸ்ஜி குழுமத்துக்கு. பச்சை-மெரூன் ஜெர்சி தப்பியது, ஆனால் பெயர் 'ஏடிகே மோகன் பகான்' ஆனது. 131 வருஷக் கிளப்புக்கு முன்னால் ஆறு வருஷ டீமின் பெயரா என்று ரசிகர்கள் கொந்தளித்தார்கள். மூன்று வருடம் விடாமல் கேட்டார்கள். 2023-ல் 'ஏடிகே' போனது, மோகன் பகான் சூப்பர் ஜயன்ட் வந்தது. ஏடிகே தனியாக வென்ற மூன்று ஐஎஸ்எல் கோப்பைகளும் மோகன் பகான் கணக்கில் சேரவில்லை.

அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் இன்னும் ஒரு படி மேலே போனது. 1995-ல் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் ஓனர் அணியை பால்டிமோருக்குக் கொண்டுபோவதாக அறிவித்தார். நகரமே கோர்ட்டுக்குப் போக, 1996-ல் சமரசம்: வீரர்கள் பால்டிமோருக்கு, பெயர், நிறம், ரெக்கார்டு கிளீவ்லேண்டுக்கு. பால்டிமோரில் ஆடியது 'ரேவன்ஸ்' என்ற புது அணியாகவே கணக்கிடப்பட்டது. 1999-ல் அதே பெயரில் பிரவுன்ஸ் மறுபடி வந்தது.

காஞ்சிக்காக அப்படி யாரும் சண்டை போடவில்லை. போட என்ன இருந்தது? 2016 முதல் 2019 வரை நான்கு சீசனிலும் காஞ்சி பெயரில் ஓர் அணி இருந்தும், காஞ்சிபுரத்தில் ஒரு டிஎன்பிஎல் மேட்ச்கூட நடக்கவில்லை. எல்லாம் சேப்பாக்கம், நத்தம், நெல்லை சங்கர் நகர் மைதானங்களில்தான். ஒரகடத்துப் பையன் 'ஹோம் மேட்ச்' பார்க்கவே பஸ் பிடிக்க வேண்டும். நெல்லையில் நேர் தலைகீழ்: முதல் சீசனிலேயே மைதானம் இருந்தது, சொந்தப் பெயரில் அணிதான் இல்லை. 2023 ஃபைனலில் நெல்லை ராயல் கிங்ஸ் கோவையிடம் 104 ரன்னில் தோற்றபோது, ஆட்டம் நடந்தது சங்கர் நகரில்தான்.