ஒரே துறை, இரண்டு பெயர்கள்: மொடெமை எந்தப் பெயரில் திறப்பது?

1990களின் இறுதியில் ஓர் அலுவலகத்தின் சன் கணினியை நான் பராமரித்தேன். அதில் சொலாரிஸ் இயங்குதளம் இருந்தது. வெளி மாவட்டங்களில் இருந்தவர்கள் தொலைபேசி வழியாக அழைத்து, ஆட்களின் பெயரும் முகவரியும் அடங்கிய அறிக்கைகளை அதில் சேர்ப்பார்கள். ஒருநாள் ஒருவரின் இணைப்பு இடையில் அறுந்தது. அடுத்து அழைத்தவரிடம் கணினி கடவுச்சொல் கேட்கவில்லை. முன்னவர் விட்ட இடத்திலேயே அவரை உள்ளே விட்டது. மொடெம் பழுதில்லை. நான் செய்த அமைப்புத்தான் பிழை.

கணினியின் பின்புறம் உள்ள 'ஏ' என்ற தொடர் துறை ஒன்றுதான். ஆனால் சொலாரிஸில் அதற்கு இரண்டு பெயர்கள். உள்ளே வரும் அழைப்புக்கு '/டெவ்/டேர்ம்/ஏ'. வெளியே அழைப்பதற்கு '/டெவ்/சியூஏ/ஏ'.

மறுமுனை மொடெமுடன் இணைந்ததும் நமது மொடெம் ஒரு கம்பி வழியே கணினிக்கு அடையாளம் காட்டும். இது 'கரியர்' எனப்படும். முதற்பெயரைத் திறக்கும் நிரல் கரியர் வரும்வரை காத்திருக்கும். இரண்டாவது காத்திருக்காது, எண்ணை அழைக்கும் முன் கரியர் எப்படி வரும்? எனவே முதற்பெயரில் வெளியே அழைக்க முயன்றால் நிரல் பேசாமல் நிற்கும்.

எனக்கும் அப்படித்தான் நின்றது. பெயரை மாற்றுவதற்குப் பதிலாக, கரியரைப் பொருட்படுத்தாதே என்று சொல்லும் 'ரிரிவைஏ-இக்னோர்-சிடி' அமைப்பை 'ட்ரூ' ஆக்கினேன். நிரல் ஓடியது. ஆனால் அழைப்பு அறுந்தாலும் கணினிக்குத் தெரியாமல் போனது. முன்னவர் இன்னும் உள்ளே இருப்பதாகவே அது எண்ணியது.

பிறகு அதை 'ஃபோல்ஸ்' ஆக்கிக் கணினியை மீளத் தொடக்கினேன். கரியரை உண்மையாகக் காட்டும்படி மொடெமுக்கு 'ஏரி&சி1' கட்டளையும் கொடுத்தேன். வெளியழைப்பை 'சியூஏ' பெயருக்கு மாற்றினேன். ஒரே மொடெம் இரண்டு வேலைக்கும் போதும்: ஒருவர் உள்ளே இருக்கும்போது 'சியூஏ' திறக்காது, நாம் வெளியே அழைக்கும்போது 'டேர்ம்' காத்திருக்கும்.

'டிப்' கட்டளையைப் பாவிப்பவர்கள் '/எட்சி/ரிமோட்' கோப்பையும் பாருங்கள். அதிலுள்ள 'ஹார்ட்வயர்' பதிவு, மொடெம் இல்லாமல் நேரே வயரால் இணைப்பதற்கானது.

கடைசியாக ஒரு சோதனை. வெளியிலிருந்து அழைத்து உள்ளே நுழையுங்கள். தொலைபேசி வயரைக் கழற்றுங்கள். மீண்டும் மாட்டி அழையுங்கள். கணினி உங்கள் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்க வேண்டும். கேட்காவிட்டால், அந்த மொடெமில் எவருடைய அறிக்கையையும் வாங்காதீர்கள்.