தாய்ப்பால் முதல் ஈயம் வரை... 2.5 லட்சம் ஆண்டு ரகசியத்தைச் சொன்ன குழந்தைப் பல்!

அந்தக் குழந்தை வசந்த காலத்தில் பிறந்தது. இரண்டரை வயதுவரை அம்மாவிடம் பால் குடித்தது. பால் மறந்தது ஓர் இலையுதிர் காலத்தில். பக்கத்து வீட்டுக் குழந்தையின் கதை இல்லை இது. சுமார் 2.5 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, இன்றைய பிரான்ஸின் தென்கிழக்கில் வாழ்ந்த நியாண்டர்தால் குழந்தையின் கதை. சொன்னது, பெய்ர் என்ற இடத்தில் கிடைத்த அதன் பல்!

எப்படிச் சாத்தியம்?

எலும்பு வாழ்நாள் முழுக்கத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். பல்லின் எனாமல் அப்படியல்ல. ஒருமுறை உருவானால் அவ்வளவுதான். முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல், குழந்தை பிறக்கும் சமயத்திலேயே ஈறுக்குள் உருவாகத் தொடங்கிவிடுகிறது. மரத்தில் ஆண்டு வளையம் விழுவதுபோல, எனாமலில் நாளுக்கு ஒரு மெல்லிய கோடு விழுகிறது. பிறந்த அன்று மட்டும் அழுத்தமாக ஒரு கோடு. அதிலிருந்து எண்ணினால் எந்தக் கோடு எத்தனையாவது நாள் என்று தெரிந்துவிடும்.

ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகப் பேராசிரியர் தான்யா ஸ்மித்தின் குழு, பல்லை மெல்லிய சீவலாக அறுத்து, அந்தக் கோடுகளில் படிந்திருந்த வேதிப்பொருள்களை அளந்தது. 2018-ல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் முடிவுகள் வெளியாயின.

தாய்ப்பாலுக்குச் சாட்சி, பேரியம். கருவில் இருக்கும்போது குழந்தைக்கு இது குறைவாகவே போய்ச் சேரும். பால் குடிக்கத் தொடங்கியதும் பல்லில் அளவு ஏறும். பால் நின்றதும் இறங்கும். பருவங்களைச் சொல்வது ஆக்சிஜன். குடிக்கும் தண்ணீரில் உள்ள கனமான, லேசான ஆக்சிஜன் அணுக்களின் விகிதம் வெயில் காலத்தில் ஒரு மாதிரி, குளிரில் வேறு மாதிரி இருக்கும். ஜாதகத்தில்கூட இவ்வளவு விவரம் கிடைக்காது!

அதிர்ச்சி தந்தது ஈயம். அங்கே ஆய்வு செய்யப்பட்ட இரண்டு நியாண்டர்தால் குழந்தைகளின் பற்களிலும் ஒரு முறைக்கு மேல் ஈயம் ஏறியிருந்தது, அதுவும் குளிர்காலங்களில். தொழிற்சாலை, பெட்ரோல், பெயின்ட் எதுவும் இல்லாத உலகில் ஈயமா? அந்த வட்டாரத்தில் ஈயத் தாது உண்டு. கலந்த தண்ணீரோ உணவோ, எரித்த தீயின் புகையோ காரணமாக இருக்கலாம். குளிரில் உடல் தளர்ந்துபோன அடையாளங்களும் எனாமலில் பதிந்திருந்தன.

எல்லாக் குழந்தைக்கும் ஒரே கதை இல்லை. தென்னாப்பிரிக்காவின் ஸ்டெர்க்ஃபொன்டெய்னில் கிடைத்த, 20 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆஸ்ட்ரலோபிதெகஸ் பற்களில், முதல் ஆண்டுக்குப் பிறகும் பேரியம் ஏறி ஏறி இறங்கியது. உணவு கிடைக்காத மாதங்களில் பிள்ளைகள் மறுபடி அம்மாவின் பாலை நாடியிருக்கிறார்கள் என்பது 2019-ல் வெளியான ஆய்வின் விளக்கம்.

பெல்ஜியத்தின் ஸ்க்ளாடினா குகைக் குழந்தையின் பல்தான் மனதைப் பிசைகிறது. ஏழு மாதம் தாய்ப்பால் மட்டும். (ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பதுதான் இன்றைய உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.) அடுத்த ஏழு மாதம் பாலோடு மற்ற உணவும். பிறகு, ஒன்றேகால் வயதுகூட ஆகாத நிலையில், படிப்படியாகக் குறையாமல் பால் சட்டென நின்றுபோனது. அம்மாவுக்கு நோயா, மரணமா, அடுத்த கர்ப்பமா? அதைப் பல் சொல்லவில்லை. ஆனாலும், அந்தக் குழந்தை பிழைத்துக்கொண்டது. யாரோ ஊட்டியிருக்கிறார்கள். இறந்தபோது அதற்கு வயது சுமார் 8.