வாடகை வருகிறது, கையில் நிற்பது எவ்வளவு?

கடையில் சேர்ந்த பணத்தை ஒரு வீடாக மாற்றிவிட வேண்டும் என்பது நம் வணிகர்கள் பலருக்கும் உள்ள ஆசை. நான்கு போர்ஷன் வீடு ஒன்று விலைக்கு வந்தால், "வாடகையே கடனை அடைத்துவிடும்" என்று தரகர் சொல்கிறார். நாமும் நம்பி விடுகிறோம். சரக்கு எடுக்கும்போது சேதாரம், ஏற்றுகூலி, லாரி வாடகை எல்லாம் சேர்த்து அடக்கவிலை போடுகிற நாம், வீட்டுக்கு மட்டும் அந்தக் கணக்கைப் போடுவதில்லை.

ஓர் உதாரணம் பார்ப்போம். நான்கு போர்ஷன், ஒவ்வொன்றுக்கும் மாத வாடகை ரூ. 8,000. ஆக மொத்தம் ரூ. 32,000. வங்கிக் கடன் ரூ. 30 லட்சம், வட்டி 9 சதவீதம், 15 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் ரூ. 30,430. மேலோட்டமாகப் பார்த்தால் மாதம் ரூ. 1,570 மிச்சம்.

இனி ஓராண்டுச் சிட்டையை எழுதுவோம்.

வாடகை வரவு: ரூ. 3,84,000
ஆள் மாறும்போது காலியாகக் கிடப்பதற்கு, போர்ஷனுக்கு ஒரு மாதம்: ரூ. 32,000
சொத்து வரி, குடிநீர், சாக்கடைக் கட்டணம்: ரூ. 16,000
மோட்டார், மாடிப்படி விளக்கு, தொட்டி சுத்தம்: ரூ. 14,000
வெள்ளையடிப்பு, குழாய், ஒயரிங் வேலை: ரூ. 32,000
நிகர வரவு: ரூ. 2,90,000
கடன் தவணை: ரூ. 3,65,160
துண்டு: ரூ. 75,160

மாதம் ரூ. 6,260-க்கு மேல் கடைக் கல்லாவிலிருந்துதான் போக வேண்டும். தீபாவளிக் கொள்முதல் நேரத்தில் இந்தப் பணம் இல்லாமல் போனால், மொத்த வியாபாரியிடம் ரொக்கத் தள்ளுபடியும் போகும், நாணயமும் போகும்.

அட்வான்ஸ் தொகையை வரவில் சேர்ப்பது இன்னொரு தவறு. அது குடியிருப்பவர் பணம். காலி செய்யும் நாளில் திருப்பித் தர வேண்டிய கடன். அதைத் தனிக் கணக்கில் போட்டு வைப்பதே நல்லது.

அப்படியானால் வீடே வாங்கக்கூடாதா? வாங்கலாம். கடனை ரூ. 20 லட்சத்தோடு நிறுத்தினால் ஆண்டுத் தவணை சுமார் ரூ. 2,43,400; கையில் ரூ. 46,600 நிற்கும். ஒரு போர்ஷன் கூடுதலாக ஐந்து மாதம் பூட்டிக் கிடந்தாலும் தாங்கும். குறைந்த பத்து லட்சத்தைக் கடை முதலிலிருந்து உருவக்கூடாது. விலையைப் பேசிக் குறைக்க வேண்டும். இல்லையேல் சிறிய வீடாகப் பார்க்க வேண்டும். வருமான வரியை ஆடிட்டரிடம் தனியே கணக்கிட்டுக் கொள்வோம்.

வீட்டின் விலை நாளை ஏறலாம். ஆனால் தவணை இந்த மாதமே கட்ட வேண்டும். முன்பணம் கொடுக்கும் முன் ஒரு தாளில் இந்தச் சிட்டையை எழுதிப் பார்ப்போம். கடை வாழ்ந்தால்தான் வீடும் நிலைக்கும்.