பழைய கணினிக்கு எதை மாற்றுவது, எதை விடுவது?

வின்டோஸ் 10 இற்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் நிறுத்தியது. வின்டோஸ் 11 ஐ முறைப்படி நிறுவுவதற்கு, இன்டெல் என்றால் 8 ஆம் தலைமுறை புரொசசராவது வேண்டும். இந்த இரண்டையும் சொல்லி, "இதை இனித் திருத்தி வேலையில்லை, புதுசு எடுங்கோ" என்று பல வீட்டாரைக் கடைகளில் திருப்பி அனுப்புகிறார்கள். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதும், 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதமானதும் எல்லோருக்கும் தெரியும். புதிய கணினி என்பது சாதாரண குடும்பத்துக்குப் பல மாதச் சேமிப்பு.

வவுனியாவில் உயர்தரம் படிக்கும் என் அக்காவின் மகளுக்கும் இதே பதில்தான் கிடைத்தது. அவளுடையது 4 ஆம் தலைமுறை கோர் ஐ5 புரொசசர், 4 ஜி.பி. ரேம், 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க் கொண்ட கணினி. போட்டுவிட்டு தேநீர் ஊற்றிக் குடித்து வந்தாலும் திரை தயாராகியிருக்காது. அக்காவிடம் இருந்த காசு, கடையில் சொன்ன விலையில் ஐந்தில் ஒரு பங்குதான். அந்தக் கணினியை வைத்தே சொல்கிறேன்.

வாங்கப் போவதற்கு முன் எந்தப் பாகம் மற்றப் பாகங்களைக் காக்க வைக்கிறது என்று பார்க்க வேண்டும். இதற்குக் காசு தேவையில்லை. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்துகொண்டே அதைக் கவனியுங்கள். மருமகளின் கணினியில் புரொசசர் 15 சதவீதத்தில் சும்மா இருந்தது. டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றது. ரேமும் நிரம்பி வழிந்தது. கடைக்காரர் "பழசாகிவிட்டது" என்று காட்டிய புரொசசருக்கு உண்மையில் வேலையே போய்ச் சேரவில்லை.

ஹார்ட் டிஸ்க்கினுள்ளே நிமிடத்துக்கு 7,200 தடவை சுற்றும் தட்டும், அதன்மேல் அங்குமிங்கும் ஓடும் முனையும் இருக்கின்றன. ஒவ்வொரு சிறு கோப்புக்கும் முனை இடம் மாற வேண்டும், தட்டு சுற்றி வர வேண்டும். இதனால் சிதறிக் கிடக்கும் கோப்புகளை ஒரு செக்கனில் நூறு தடவை எடுப்பதே பெரிய காரியம். எஸ்.எஸ்.டி.யில் அசையும் பாகமே இல்லை, அதனால் ஆயிரக்கணக்கில் எடுக்கும். பழைய கணினிக்கு 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. போதும். அதன் உச்ச வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 550 மெகாபைட். இதைவிட வேகமான என்.வி.எம்.இ. வகையைக் கடையில் காட்டுவார்கள். ஆனால் 4 ஆம் தலைமுறை மதர்போர்ட்கள் பெரும்பாலானவற்றில் அதைச் செருக இடமே இருக்காது. எம்.2 இடம் இருந்தாலும் அது சாட்டாவுக்கா என்.வி.எம்.இ.க்கா என்று பார்த்தே வாங்குங்கள், தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலிருக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கை எறிய வேண்டாம். படங்களும் பாடக் காணொளிகளும் அதிலேயே இருக்கட்டும்.

அடுத்தது ரேம். 4 ஜி.பி. இன்றைய இணைய உலாவிக்கே காணாது, 8 ஜி.பி. வேண்டும். டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. ஏற்கெனவே உள்ள 4 ஜி.பி.க்குப் பக்கத்தில் அதே வகை இன்னொரு 4 ஜி.பி. போட்டால் இரண்டு பாதைகளிலும் தரவு ஓடும். தனிக் கிராபிக்ஸ் கார்ட் இல்லாத கணினிக்கு அது கூடுதல் நன்மை. 2025 இறுதியிலிருந்து புதிய ரேம் விலைகள் உலகெங்கும் ஏறியிருப்பதால், டி.டி.ஆர்.3 ஐப் பாவித்ததாகவே வாங்குவது புத்தி. திருப்பித் தரலாம் என்ற உறுதியோடு வாங்கி, மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓர் இரவு ஓடவிட்டால் பழுது தெரிந்துவிடும்.

புரொசசரை மாற்றுவதைப் பெரும்பாலும் நான் தடுப்பேன். அதே தலைமுறை ஐ5 இலிருந்து ஐ7 க்குப் போனாலும் கோர்கள் நான்குதான். செலரோன், பென்டியம் வைத்திருப்பவர்கள் பாவித்த ஐ5 ஒன்றைத் தேடுவதில் அர்த்தம் உண்டு. இன்டெல்லில் இன்னொரு பொறி, 7 ஆம் தலைமுறையும் 8 ஆம் தலைமுறையும் எல்.ஜி.ஏ.1151 என்ற ஒரே பெயருள்ள சொக்கட்டில் அமரும், ஆனால் பழைய மதர்போர்ட்டில் புதியது வேலை செய்யாது. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 மதர்போர்ட் வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள். பயோஸைப் புதுப்பித்து, முதல் ரைசன் இருந்த இடத்தில் 5000 வரிசையைப் போட்டவர்கள் பலர்.

நான் எல்லோரிடமும் கேட்கச் சொல்லும் கேள்வி இதுதான்: இந்தப் பாகம் அடுத்த கணினிக்கும் வருமா? எஸ்.எஸ்.டி. வரும், திரை வரும், நல்ல பவர் சப்ளை வரும். டி.டி.ஆர்.3 ரேமும் பழைய புரொசசரும் வராது. வராததற்குக் குறைந்த காசுதான் கொடுக்க வேண்டும்.

பவர் சப்ளையில் மட்டும் மலிவைப் பார்க்காதீர்கள். ஸ்டிக்கரில் 500 வாட்ஸ் என்று எவரும் அச்சிடலாம். 80 பிளஸ் சான்றும் 12 வோல்ட் வரிசையில் எத்தனை அம்பியர் என்பதுமே கணக்கு. வெளிநாட்டு அலுவலகங்களிலிருந்து வந்த பாவித்த டெல் கணினி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது, ஒப்டிபிளெக்ஸ் 3020, 7020, 9020 போன்றவற்றில் வழக்கமான 24 முனை இணைப்பு இல்லை. வேறு பவர் சப்ளை நேரடியாகப் பொருந்தாது.

மிஞ்சும் காசில் யூ.பி.எஸ். வாங்கலாம். 2022 மார்ச்சின் 13 மணிநேர மின்வெட்டு போனாலும், 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததில் நாடே இருண்டதாக அமைச்சரே சொன்ன தேசம் இது. 650 வி.ஏ. என்பது 650 வாட்ஸ் அல்ல, அதைவிடக் குறைவு. எழுதியதைச் சேமித்து ஒழுங்காக நிறுத்தும் நேரத்துக்கு அது போதும். மணிக்கூடு ஒவ்வொரு முறையும் பின்போனால் மதர்போர்ட்டிலுள்ள சி.ஆர்.2032 நாணய பற்றரியை மாற்றுங்கள். திகதி பிழையென்றால் இணையத்தளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்க மறுக்கும். இதையே வைரஸ் என்று நினைத்துக் காசு கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

வின்டோஸ் பிரச்சினைக்கு இரண்டு வழி. வீட்டுப் பாவனையாளர்கள் நீடித்த பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்தால் 2026 ஒக்டோபர் 13 வரை வின்டோஸ் 10 க்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கிடைக்கும். மற்றது இலவச லினக்ஸ் மின்ட். மருமகளுக்கு இரண்டையும் ஒரே எஸ்.எஸ்.டி.யில் போட்டுக் கொடுத்தேன். அவளுடைய பாடத்துக்குத் தேவையான பைத்தன் மின்டில் ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்99 உம் நம் நாட்டு ரெங்கநாதன் விசைப்பலகையும் சேர்க்கலாம். பாமினி எழுத்துருவில் பழகிய அக்காவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை, அவர் வின்டோஸ் பக்கமே திறக்கிறார்.