தனித்தனித் தாள்கள்: இம்மானுவேல் சேகரன் நினைவாக



1914 ஜூலை 31 இரவு, பாரிஸில் ஓர் உணவகத்தின் ஜன்னலோரம் நண்பர்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த ழான் ழொரேஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். சுரங்கத் தொழிலாளர்களுக்காகவும், பொய்வழக்கில் தண்டிக்கப்பட்ட யூத அதிகாரி டிரைபஸுக்காகவும் பேசியவர். போர் வேண்டாம் என்று கடைசி நாள்வரை மன்றாடிய சோசலிசத் தலைவர். மூன்றே நாளில் ஜெர்மனி பிரான்ஸ்மீது போர் அறிவித்தது. சுட்டவனை 1919இல் ஜூரிகள் விடுதலை செய்தார்கள். வழக்குச் செலவை ழொரேஸின் மனைவி கட்ட வேண்டும் என்றும் தீர்ப்பானது.

இதைப் படித்தபோது நமக்குப் பரமக்குடி நினைவுக்கு வந்தது. அங்கேயும் சமாதானம் பேசிவிட்டு வந்த ஒருவரைத்தான் கொன்றார்கள்.

இம்மானுவேல் சேகரன் 1924 அக்டோபர் 9இல் முதுகுளத்தூர் பக்கம் செல்லூரில் பிறந்தார். அப்பா வேதநாயகம் ஆசிரியர். ராணுவத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பி, இரட்டைக் குவளைக்கும் தீண்டாமைக்கும் எதிராக மக்களைத் திரட்டினார். காங்கிரஸில் சேர்ந்தார். 1957 தேர்தலுக்கும் அதைத் தொடர்ந்த முதுகுளத்தூர் இடைத்தேர்தலுக்கும் பிறகு அந்த வட்டாரத்தில் மோதல் மூண்டது. செப்டம்பர் 10இல் மாவட்ட ஆட்சியர் சமாதானக் கூட்டம் கூட்டினார். முத்துராமலிங்கத் தேவரும் வந்திருந்தார், இம்மானுவேலும் வந்திருந்தார்.

அந்தக் கூட்டத்தில் நடந்த ஒரு சின்ன விஷயத்தில் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். சமாதான அறிக்கையில் எல்லோரும் சேர்ந்து கையெழுத்திடுவதாக ஏற்பாடு. தேவர் அதற்கு ஒப்பவில்லை. கடைசியில் ஒரே வாசகத்தைத் தனித்தனித் தாள்களில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். டீக்கடையில் தனிக் குவளை என்றால் ஆட்சியர் முன்னிலையில் தனித் தாள்! அரசாங்கமும் அதைச் சமாதானம் என்றே எடுத்துக்கொண்டது. நம்மைப் பொறுத்தவரை, கலவரத்தின் காரணம் முழுவதும் அந்தத் தாள்களிலேயே இருந்தது. சமமாக உட்கார்ந்ததே குற்றமாகிவிட்ட இடத்தில் எதைப் பேசித் தீர்ப்பது?

மறுநாள் செப்டம்பர் 11 இரவு பரமக்குடியில் இம்மானுவேல் வெட்டிக் கொல்லப்பட்டார். 33 வயது நிறைய இன்னும் நான்கு வாரம் இருந்தது. தொடர்ந்த கலவரத்தில் பல உயிர்கள் போயின, குடிசைகள் எரிந்தன. கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட தேவரை 1959இல் நீதிமன்றம் விடுவித்தது.

ழொரேஸின் உடலைப் பத்தே ஆண்டில், 1924இல், பிரெஞ்சு அரசு தேசத் தலைவர்களுக்கான பாந்தியோனுக்கு எடுத்துச் சென்றது. இம்மானுவேலுக்கு ஒரு தபால்தலை வர 2010 ஆயிற்று. அடுத்த ஆண்டே, 2011 செப்டம்பர் 11இல், அவருடைய நினைவு நாளிலேயே பரமக்குடியில் போலீஸ் சுட்டு ஆறு பேர் இறந்தார்கள்.

பாந்தியோனில் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. அன்றைய ஊர்வலத்திலேயே ழொரேஸ் எங்களுடையவர் என்று கம்யூனிஸ்டுகள் தனியாக அணிவகுத்தார்கள். பக்கத்தில் இருக்கும் புதுச்சேரியையே பாருங்கள். 1936 ஜூலை 30இல் எட்டு மணி நேர வேலை கேட்ட மில் தொழிலாளர்கள் 12 பேரைப் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அப்போது பாரிஸில் ஆட்சி நடத்தியவர் லியோன் புளூம், ழொரேஸைக் குருவாகக் கொண்டவர். மறுநாள் ழொரேஸின் நினைவு நாள்.

நம் பக்கம் என்ன நடக்கிறது? தெற்கே இம்மானுவேல் படம் பெரும்பாலும் ஒரு சாதியின் சுவரொட்டியில் இருக்கிறது. வடக்கே விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அவர் ‘அவர்களுடைய’ தலைவர். 1978 ஜூலையில் விழுப்புரத்தில் நம்மவர்கள் 12 பேர் கொல்லப்பட்டார்கள். அதைத் தெற்கே எத்தனை மாணவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள் என்று நாம் குறைப்பட்டுக்கொள்கிறோம். அதே கேள்வியைப் பரமக்குடிக்காரர்கள் நம்மிடம் கேட்கலாம். பட்டியலிலிருந்தே வெளியேற வேண்டும் என்ற குரல் அங்கே எழுந்திருக்கும் நேரத்தில் இதைப் பேசுவது சிலருக்குக் கசக்கும். ஆனால் இரட்டைக் குவளையை எதிர்த்தவர் எந்த உட்சாதிக்காக எதிர்த்தார் என்று கேட்பதும் இன்னொரு தனித் தாள்தான்.

இந்த அரங்கில் இருக்கும் எங்களில் ஒருவர்கூட இதுவரை செப்டம்பர் 11இல் பரமக்குடிக்குப் போனதில்லை. இந்த ஆண்டு திண்டிவனத்திலிருந்து ஒரு வேன் ஏற்பாடு செய்கிறோம். வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். 1978இல் இறந்த 12 பேரின் பெயர்ப்பட்டியலையும் எடுத்துக்கொண்டு போகிறோம்.