உவர் நிலத்தில் விளையும் மண நெல்

தாய்லாந்து தேசத்தின் வடகிழக்குப் பீடபூமியில் ரோய் எட் என்றொரு ஜில்லா உண்டு. 'நூற்றொன்று' என்பது அப்பெயரின் பொருள். அதன் தென்பாகத்தில், மூன் நதிக்கு வடக்கே பரந்து கிடப்பது 'குலா அழுத வெளி' என்னும் சமவெளி. ஐந்து ஜில்லாக்களில் பரவிய இவ்வெளியின் விஸ்தீரணம் சுமார் 8 லட்சம் ஏக்கர். அதில் ஏறக்குறையப் பாதி ரோய் எட்டைச் சேர்ந்தது. குலா என்னும் அயல்நாட்டு வியாபாரிகள், நிழலும் நீருமற்ற இவ்விடத்தைக் கடக்க மாட்டாமல் அழுதனர் என்பது கர்ணபரம்பரை.

பூமி மணற்பாங்கானது; அடியில் கல்லுப்புப் படிவங்கள் உள்ளன. கோடையில் உப்பு மேலே பூக்கும். அம்மண்ணைச் சுரண்டி நீரில் கரைத்து, வடித்துக் காய்ச்சி உப்பெடுப்பது போ பான் கான் முதலிய இடங்களில் நெடுங்காலத் தொழிலாகும்.

இத்தகைய பூமிக்கு வாய்த்தது 'காவோ தாக் மாலி 105' என்னும் நெல். 1950-51-ல் சாச்செங்சாவ் ஜில்லாவில் சேகரித்த 199 கதிர்களுள் 105-ஆவதன் சந்ததியாகிய இது, 1959-ல் சர்க்காரால் சாகுபடிக்கு அங்கீகரிக்கப்பட்டது. 'மாலி' என்பது மல்லிகை; பெயர் அரிசியின் வெண்மையைக் குறித்தது, மணமோ ரம்பை இலையின் மணம். பகற்பொழுது குறுகினாலன்றி இந்நெல் பூக்காது. ஆதலால் வைகாசியில் விதைப்பினும் ஆடியில் விதைப்பினும் அக்டோபரில் பூத்து நவம்பரில் அறுவடைக்கு வரும். கதிர் முற்றுங்கால் நீர் வற்றுவதும், மண்ணின் மிதமான உவரும் மணத்தை மிகுவிப்பதாக ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர்.

ஆயினும் மகசூல் சொற்பமே. ஏக்கருக்கு ஒரு டன் எட்டுவது அரிது. மண நெல்லைப் பெரும்பாலும் விற்று, தாங்கள் உண்பதற்குப் பசையரிசி நெல்லைத் தனியே பயிரிடுவது குடியானவர் வழக்கம். மழையை வேண்டி மே மாதத்தில் வாணவெடி விழா நடத்துவர். மழை பொய்த்தால் சாகுபடியும் இல்லை.

வாலிபர் கூலிக்காகப் பாங்காக் செல்வதால் நடவாட்கள் குறைந்து, நேர்விதைப்பு மிகுந்துவிட்டது. செலவு குறைந்ததென்னவோ மெய், களையோ பெருகிற்று. மேட்டு நிலத்து மரங்களை வெட்டியதால் நிலத்தடி நீர் உயர்ந்து, தாழ்ந்த வயல்களில் உவரும் ஏறியது. தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழுவதும், வரப்பிலும் மேட்டிலும் மரம் நடுவதும் இதற்குப் பரிகாரமாகக் கைக்கொள்ளப்படுகின்றன. மேட்டின் சொந்தக்காரர் ஒருவரும் பள்ளத்தின் சொந்தக்காரர் வேறொருவருமாயிருக்குமிடத்தில் அம்மரங்களை யார் நடுவது என்பதே வழக்கு.