பசுமரத்தாணியும் புத்தக அலமாரியும்

‘பசுமரத்தாணி போல’ என்ற உவமைத்தொடரைத் தொடக்கப்பள்ளியில் மனனம் செய்யாதவர் நம்மில் இருக்க மாட்டார்கள். நானும் தேர்வில் அதற்கு வாக்கியம் அமைத்துப் புள்ளிகள் பெற்றவன்தான். ஆனால், எந்தப் பலகைக்கு எந்த ஆணி என்பதைப் பல்கலைக்கழகத்தில் காலடி எடுத்து வைத்த பிறகே, அதுவும் ஓர் அலமாரி சரிந்த பிறகே, கற்றுக்கொண்டேன்.

முதலாம் ஆண்டு விடுமுறையில், எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளின் வார இறுதி வகுப்புக்காக ஒரு புத்தக அலமாரி செய்தேன். எல்லாம் முக்கால் அங்குலக் கனமுள்ள மெராந்திப் பலகைகள். வீட்டில் கிடந்த 1 அங்குல ஆணிகளையே அடித்தேன். இரண்டாம் வாரமே அகராதிகளின் பாரம் தாங்காமல் மேல்தட்டு விழுந்தது. சற்று முன்புவரை ஒரு சிறுமி அதனடியில்தான் அமர்ந்திருந்தாள். அந்த நினைவு இன்றும் என்னை உலுக்குகிறது. பதற்றத்தில் 4 அங்குல ஆணிகளை வாங்கி வந்து அடித்தேன், பலகையே பிளந்துவிட்டது.

தோட்டத்தில் தச்சு வேலை செய்து ஓய்வு பெற்ற என் தாத்தா அதைப் பார்த்தார். “ஆணிக்கு ஏது பலம் தம்பி? அதைக் கவ்விப் பிடிக்கிற மரத்துக்குத்தான் பலம்,” என்றார்.

உண்மைதான். ஆணி உள்ளே செல்லும்போது மரநார்கள் விலகி, பின் அதனை இரு பக்கமும் நெருக்குகின்றன. அந்தப் பிடிதான் இணைப்பைக் காக்கிறது. என் 1 அங்குல ஆணி முதல் பலகையைத் தாண்டி, அடுத்ததில் கால் அங்குலம் மட்டுமே இறங்கியிருந்தது!

முதல் விதி நீளம். மெல்லிய பலகையிலிருந்து தடித்த மரத்தை நோக்கியே ஆணி அடிக்க வேண்டும். மெல்லிய பலகையின் கனத்தைப் போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு நீளம் தேவை. அரை அங்குலப் பலகைக்கு ஒன்றரை அங்குல ஆணி. முக்கால் அங்குலத்திற்கு 2 அல்லது இரண்டேகால் அங்குலம். இரு மரங்களின் மொத்தக் கனமே அதைவிடக் குறைவென்றால், முனை மறுபுறம் எட்டிப் பார்க்கும். அப்போது குட்டையான ஆணிகளைக் கூடுதலாக அடித்து, மரப்பசையும் இட வேண்டும்.

இரண்டாவது தடிமன். பருத்த ஆணி ஆப்பு போல மரத்தைப் பிளக்கும். மெராந்தியில் ஆணி எளிதில் இறங்கும். செங்கால், பாலாவ் போன்ற கடின மரங்களில் ஆணி வளையும் அல்லது மரம் பிளக்கும். ஆகவே, ஆணியைவிடச் சற்றுச் சிறிய துளையை முதலில் இட வேண்டும். பலகையின் ஓரங்களிலும் அப்படியே. ஒரே நார்க்கோட்டில் வரிசையாக ஆணிகளை அடிக்கவும் கூடாது.

மூன்றாவது இடம். பலகையின் வெட்டுமுனையில் ஆணி நாரின் போக்கிலேயே செல்வதால் பிடிப்பு குறைவு. எனவே, தட்டின் இரு முனைகளிலும் அடியில் ஒரு தாங்குசட்டம் வைத்து, அதனைப் பக்கப் பலகையோடு இணைத்தோம். இப்போது பாரம் ஆணியைப் பிடுங்குவதில்லை; அதன் குறுக்கே இறங்குகிறது.

மழையில் நனையும் வேலைக்குத் துத்தநாகம் பூசிய ஆணியும், சிமெண்டுச் சுவருக்குக் கான்கிரீட் ஆணியும் வேண்டும் என்பதையும் நினைவில் கொள்க.

இறுதியாகத் தாத்தா சொன்னதுதான் என்னை வியக்க வைத்தது. பசுமரத்தில் ஆணி எளிதாக இறங்கும். ஆனால், மரம் உலர்ந்து சுருங்கும்போது பிடி தளரும். அதனால்தான் தச்சர்கள் உலர்ந்த மரத்தைத் தேடுகிறார்கள். நம் உவமை, ஆணி உள்ளே பதிவதைச் சொல்கிறது. பதிந்தது நிலைக்க வேண்டுமானால், அதன்பின்னும் நம் கவனிப்பு தேவை. அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும்போதெல்லாம் இதை எண்ணிக்கொள்கிறேன்.